சோதனை ராக் என்பது என்ன? டாக் டாக் குழுவின் கதை வழியே ஓர் அறிமுகம்

எட்டு நிமிடம் ஓடும் பாட்டு, நடுவில் அலறும் கிட்டார், என்ன பாடுகிறார் என்று பிடிபடாத பாடகர். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் போதும், "இது எக்ஸ்பெரிமென்டல் ராக்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். ரொம்பப் பிடித்துப்போனவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், பாதியில் நிறுத்தியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சிலருக்கு அது சத்தம். சிலருக்கு அது போதையில் பிறந்த யோசனை. புதுசு புதுசாகக் கருவிகளை வாங்கிக் குவிப்பதுதான் சோதனை என்று நினைப்பவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்தால் நல்ல இசை நிறையப் பேரிடம் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒரு பாட்டைச் சோதனை என்று சொல்வதற்கான காரணத்தை அதன் ஒலியில் தேடுவதைவிட, அது உருவான விதத்தில் தேட வேண்டும். இதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் லண்டனில் 1981இல் தொடங்கிய டாக் டாக் குழு. வானொலியில் ஓடிய துள்ளல் பாட்டுகளையும், அதற்கு நேரெதிரான அமைதியான இசையையும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் பத்தே ஆண்டுக்குள் செய்தார்கள். ஆட்கள் மாறாமல் முறை மட்டும் மாறியதால், அந்த முறை என்ன என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

முடிவு தெரியாமல் தொடங்கும் வேலை

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1950களில் சோதனை இசைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். என்ன விளையும் என்று முன்கூட்டியே தெரியாத செயலே சோதனை என்பது அதன் சாரம். ராக் உலகத்துக்கும் இது பொருந்தும், ஆனால் கூடவே இன்னொரு பாதியும் வேண்டும். விளைந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வேலை அது.

கல்யாண ஆல்பத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் படங்கள் ஒரு வகை. அதில் என்ன வரும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரியும். இன்னொரு வகையில், போட்டோகிராஃபர் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பார். சித்தி எதற்கோ சிரிக்கிறார், மாப்பிள்ளையின் அப்பா ஓரமாகக் கண்ணைத் துடைக்கிறார், ஒரு குழந்தை நாற்காலிக்கு அடியில் தூங்குகிறது. ஆயிரக்கணக்கில் எடுத்து, கடைசியில் ஐம்பதோ நூறோதான் ஆல்பத்தில் ஏறும். எடுக்கும்போது எது நல்ல படம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது கண் கூர்மையாக இருக்க வேண்டும், இரக்கமில்லாமல் கழிக்கவும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பம் வெறும் குவியல்.

சோதனை ராக்கும் இந்த இரண்டாவது வகைதான். எதிர்பாராதது நடப்பதற்கு இடம் கொடுப்பது முதல் பாதி, நடந்ததில் இருந்து கறாராகப் பொறுக்குவது அடுத்த பாதி. முதல் பாதியை மட்டும் பார்ப்பவர்கள்தான் "தோன்றியதை எல்லாம் வாசிக்கிறார்கள்" என்கிறார்கள்.

வழக்கமான பாட்டு எப்படித் தயாரானது

1980களில் ஒரு பாப் பாட்டு பெரும்பாலும் பல தடப் பதிவு முறையில் தயாரானது. ஒவ்வொரு கருவியையும் நாடாவில் அதற்கென்று ஒதுக்கிய தனித் தடத்தில் பதிந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கலப்பதுதான் பல தடப் பதிவு. பாட்டு முன்பே எழுதப்பட்டிருக்கும். டிரம்ஸ் முதலில், பிறகு பேஸ், அப்புறம் கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல். ஒவ்வொருவருக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பது தெரியும். ஒரு சுரம் தப்பினால் திரும்ப எடுப்பார்கள். இதில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆச்சரியத்துக்கு இடம் குறைவு.

டாக் டாக்கின் முதல் ஆல்பம் 'தி பார்ட்டீஸ் ஓவர்' 1982இல் இப்படித்தான் வந்தது. பாடகர் மார்க் ஹாலிஸ், டிரம்ஸில் லீ ஹாரிஸ், பேஸில் பால் வெப், கீபோர்டில் சைமன் பிரென்னர் என்று நான்கு பேர். இஎம்ஐ என்ற இசை வெளியீட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. டுரான் டுரான் குழுவின் தயாரிப்பாளரான காலின் தர்ஸ்டனே இவர்களுக்கும் தயாரிப்பாளர், டுரான் டுரானோடு சேர்ந்து மேடையும் ஏறினார்கள். அதனால் "அவர்களைப் போலவே இன்னொரு குழு" என்ற முத்திரை விழுந்துவிட்டது.

பாட்டு முழுக்க, மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர். ஆனால் ஹாலிஸுக்கு அந்தக் கருவியின் மேல் பெரிய பிரியம் கிடையாது. உண்மையான வாத்தியக்காரர்களை அழைக்கப் பணம் போதாததால்தான் அதைப் பயன்படுத்தினோம் என்று பிறகு சொன்னார். புதுக் கருவி இருந்தால் அது சோதனை இசை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நவீன கருவிகள் மிக அதிகமாக இருந்த காலத்தில்தான் இந்தக் குழு மிகக் குறைவாகச் சோதனை செய்தது.

படி படியாக நடந்த மாற்றம்

1983இல் பிரென்னர் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் டிம் ஃபிரீஸ்-கிரீன். தயாரிப்பாளர், கீபோர்டு வாசிப்பவர், ஹாலிஸோடு சேர்ந்து பாட்டு எழுதுபவர் என்று மூன்று வேலையும் அவருடையது. மேடையிலோ குழுவின் படங்களிலோ அவரைப் பார்க்க முடியாது. ஆனாலும் இந்தக் கதையில் ஹாலிஸுக்கு அடுத்த முக்கியமான ஆள் அவர்தான் என்பது என் எண்ணம்.

1984இல் 'இட்ஸ் மை லைஃப்' ஆல்பம் வந்தது. அதில் உள்ள 'சச் எ ஷேம்' ஐரோப்பாவில் பெரிய வெற்றி. தன் முடிவுகளை எல்லாம் பகடை உருட்டி எடுக்கும் ஒரு மனிதனைப் பற்றிய நாவல்தான் அந்தப் பாட்டின் விதை. தற்செயலின் மேல் ஹாலிஸுக்கு இருந்த ஆர்வம் அப்போதே பாட்டின் பொருளாக வந்துவிட்டது. அதையே வேலை செய்யும் முறையாக மாற்ற இன்னும் மூன்று ஆண்டு ஆனது.

1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' இரண்டு கரைகளுக்கும் நடுவில் நிற்கிறது. கையில் பணம் வந்துவிட்டதால் சிந்தசைசர்கள் ஒதுங்கி, பியானோ, ஆர்கன், கிட்டார், குழந்தைகளின் கோரஸ் எல்லாம் உள்ளே வந்தன. பிரபல ஆர்கன் கலைஞர் ஸ்டீவ் வின்வுட் வந்து வாசித்தார். பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது. 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' பாட்டைக் கேட்டால் பியானோவின் தாழ்ந்த சுரங்கள் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப உருண்டுகொண்டே இருக்கும். இப்படிக் குட்டியாக, திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கும் இசைத் துணுக்குக்கு ரிஃப் என்று பெயர். ராக் இசையின் முதுகெலும்பே ரிஃப்தான். அடுத்த ஆல்பத்தில் இவர்கள் கழற்றி வைத்தது அதைத்தான்.

அந்த ஆண்டு சுற்றுப்பயணத்தோடு மேடை நிகழ்ச்சிகளும் முடிந்தன. அதற்குப் பிறகு டாக் டாக் மேடை ஏறவே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சோதனை என்பது முடிவு தெரியாமல் தொடங்கி, கிடைத்ததில் இருந்து தேர்ந்தெடுக்கும் முறை. டாக் டாக் அந்த முறையோடு பிறந்த குழு கிடையாது. முதல் மூன்று ஆல்பங்களின் வெற்றி கொடுத்த பணத்தையும் நேரத்தையும் வைத்து அதை நோக்கி நகர்ந்தது.

இருட்டில் ஒரு ஸ்டுடியோ

வடக்கு லண்டனில் ஹைபரி நியூ பார்க் சாலையில் வெசெக்ஸ் ஸ்டுடியோ இருந்தது. ஒரு காலத்தில் தேவாலயத்துக்குச் சொந்தமான கூடம். ராக் குழுக்களான கிங் கிரிம்சனின் முதல் ஆல்பமும் தி கிளாஷின் 'லண்டன் காலிங்' ஆல்பமும் பதிவானது அங்கேதான். 1987இல் டாக் டாக் அங்கே நுழைந்து 1988 வரை மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தது. முந்தைய ஆல்பம் நன்றாக விற்றதால் இஎம்ஐ செலவுக்கும் நேரத்துக்கும் கெடுபிடி செய்யவில்லை.

ஒலிப்பதிவுப் பொறியாளர் ஃபில் பிரவுன் அந்த நாட்களைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேசியிருக்கிறார். ஸ்டுடியோவில் வழக்கமான விளக்குகள் கிடையாது. சுவரில் வண்ண எண்ணெய்க் குமிழ்களைக் காட்டும் ஒரு புரொஜெக்டர், விட்டுவிட்டு மின்னும் ஒரு ஸ்ட்ரோப் விளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். வெளியே பகலா இரவா என்பதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இந்த இருட்டுக்குள் வெளியில் இருந்து வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாஸ்திரிய வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியை வாசிக்கும் டேனி தாம்சன், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஹென்றி லோதர், ஹார்மோனிகா வாசிக்கும் மார்க் ஃபெல்தம். கைக்கு எழுதிய இசைக்குறிப்பு எதுவும் வராது. என்ன வாசிக்க வேண்டும் என்ற அறிவுரையும் குறைவு. காதில் விழும் கொஞ்சம் இசைக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்க வேண்டும். முன்கூட்டி எழுதாமல் அந்த நேரத்து உந்துதலில் வாசிப்பதை நாம் மனோதர்மம் என்போம், அந்தச் சொல் இதற்கும் அப்படியே பொருந்தும்.

வந்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஹியூ டேவிஸ் ஒரு காலத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் உதவியாளர். கிடைத்த பொருட்களை வைத்துத் தன் கையாலேயே கருவிகள் செய்தவர். பழைய கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் அட்டைக்குள் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளையும் கம்பிச் சுருள்களையும் பொருத்தி, அவற்றை விரலால் தொட்டும் சுரண்டியும் எழும் ஒலியை மின்சாரத்தால் பெரிதாக்கினார். அந்தத் தொகுதியின் முதுகில் அதில் உள்ள முதல் தலைப்பும் கடைசித் தலைப்பும் சுருக்கமாக 'ஷோ–ஜிக்' என்று அச்சாகியிருந்தன. அதனால் கருவிக்கும் ஷோஜிக் என்றே பெயர் வைத்தார். பாப் பட்டியலில் இடம்பிடித்த ஒரு குழுவின் ஆல்பத்தில் இப்படி ஒரு கருவி வந்து உட்கார்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

இப்படி மணிக்கணக்கில் சேர்ந்த பதிவுகளை ஹாலிஸும் ஃபிரீஸ்-கிரீனும் உட்கார்ந்து கேட்டார்கள். பெரும்பகுதியை அழித்தார்கள். ஒருவர் நீண்ட நேரம் வாசித்ததில் சில நொடிகள் மட்டும் தங்கின. ஒரு பாட்டுக்காக வாசித்த துண்டு வேறொரு இடத்துக்குப் போனது. டிஜிட்டல் பதிவுக் கருவிகள் இருந்ததால் தரம் கெடாமல் துண்டுகளை நகர்த்தவும் ஒட்டவும் முடிந்தது. அதாவது, யாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்காத ஒரு இசையை, எல்லோரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசித்தது போலக் கட்டினார்கள். 1988 செப்டம்பரில் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பம் இப்படி உருவானதுதான்.

தூரத்தில் வைத்த மைக்

எல்லோரும் ஒரே அறையில் இருப்பது போன்ற உணர்வு ஒட்டுவதால் மட்டும் வந்துவிடாது. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, புரிந்துகொள்ள எளிதானதுதான்.

மைக்கைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் கருவியின் ஒலி மட்டும் பதிவாகும். பல அடி தள்ளி வைத்தால் கருவியில் இருந்து நேராக வரும் ஒலியோடு, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வரும் ஒலியும் சேர்ந்து பதிவாகும். இந்தத் திரும்பி வரும் ஒலிதான் அறை ஒலி. நம் காது இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் ஒலி எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறது என்று கணிக்கிறது. பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்த டிரம்ஸின் ஒலியளவைக் குறைத்தால், அது மெல்லமாகக் கேட்கும், ஆனால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

80களின் வழக்கம் மைக்கை டிரம்ஸின் தோலுக்குப் பக்கத்திலேயே வைப்பது, பிறகு எதிரொலியைக் கருவியால் சேர்ப்பது. ஃபில் பிரவுனும் ஹாலிஸும் அதற்கு நேரெதிராக, மைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். டிரம்ஸ் ஒரு தூரத்தில், டிரம்பெட் வேறொரு தூரத்தில், குரல் மிகப் பக்கத்தில். ஹெட்போனில் கேட்டால் உங்களுக்கு முன்னால் ஒரு கூடமே விரிகிறது. ஹாலிஸின் மூச்சு காதுக்குப் பக்கத்தில், லீ ஹாரிஸின் சிம்பல் கூடத்தின் மறுகோடியில்.

அமைதி ஒரு கருவியாக

ஸ்பிரிட் ஆஃப் ஈடனில் ஆறே பாட்டுகள். முதல் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடு ஒன்று ஓடிக் கிட்டத்தட்ட 23 நிமிடம் வரும். முதல் பாட்டு 'தி ரெயின்போ'. தொடக்கத்தில் தந்திக் கருவிகளின் நீண்ட முனகல், தூரத்தில் ஒரு டிரம்பெட், பெயர் சொல்லத் தெரியாத சில கீறல்கள். தாளம் வருவதற்கே நிமிடங்கள் ஆகும். வந்த பிறகும் அவசரம் இல்லை. அப்புறம் திடீரென்று கரகரவென்று ஓர் ஒலி உள்ளே பாயும். முதல்முறை கேட்பவர்கள் அதைக் கிட்டார் என்றே நினைப்பார்கள். அது மார்க் ஃபெல்தமின் ஹார்மோனிகா. ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி, ஒலி உடைந்து சிதறும் அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டான 'டிசையர்' மெல்லிய ஆர்கனோடு, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் போகும். ஒலியைக் கூட்டலாமா என்று கை போகும் நேரத்தில் டிரம்ஸும் கிட்டாரும் வெடிக்கும். ஒரு பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம் ஒலியளவு வீச்சு. வானொலிக்காகத் தயாரிக்கும் பாட்டுகளில் இந்த வீச்சைச் சுருக்குவார்கள், கார் சத்தத்துக்கு நடுவிலும் எல்லாம் கேட்க வேண்டுமே. டாக் டாக் அதை அகட்டியது. மெல்லிய பகுதி நிஜமாகவே மெல்லியதாக இருப்பதால்தான் உரத்த பகுதி நெஞ்சில் அடிக்கிறது.

இரண்டு சுரம் வாசிப்பதற்கு முன் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஒன்றையும் காரணம் இல்லாமல் வாசிக்கக் கூடாது என்று ஹாலிஸ் 1998இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். ஸ்பிரிட் ஆஃப் ஈடனில் எங்கே கை வைத்தாலும் இந்தப் பிடிவாதம் தெரிகிறது. தோன்றியதை எல்லாம் வாசிக்கச் சொன்ன அதே மனிதர்தான், தேவையில்லாத ஒரு சுரம்கூடத் தங்க விடவில்லை.

சோதனை இசை என்றாலே போதை என்ற பேச்சுக்கும் இந்த ஆல்பத்திலேயே பதில் இருக்கிறது. செல்ம்ஸ்ஃபர்ட் பேராலயத்தின் பாடகர் குழு மேலெழும் 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டு ஹெராயின் மனிதர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. அதில் கொண்டாட்டம் துளியும் இல்லை, துக்கம்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியில் பார்த்த மூன்று வேலைகள்: மனோதர்மமாக வாசிக்க விட்டு நிறையப் பதிவது, பெரும்பகுதியைக் கழித்து மிச்சத்தை ஒட்டுவது, தூரத்தையும் அமைதியையும் கொண்டு அதற்கு ஓர் இடத்தைக் கொடுப்பது. சத்தம், நீளம், விசித்திரம் எல்லாம் இந்த வேலையின் பலனாகச் சில சமயம் வரலாம், வராமலும் போகலாம்.

ஆல்பம் எப்போது முடிகிறது? நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

இஎம்ஐ ஸ்பிரிட் ஆஃப் ஈடனைக் கேட்டுவிட்டு, வேறு பாட்டு சேர்க்க முடியுமா, ஒன்றையாவது திரும்பப் பதிய முடியுமா என்று கேட்டது. ஹாலிஸ் மறுத்துவிட்டார். ஆல்பம் பட்டியலில் 19ஆம் இடத்தைத் தொட்டது. மேடையில் இதைத் திரும்பச் செய்ய முடியாது என்று சொல்லிச் சுற்றுப்பயணமும் வைக்கவில்லை. பொறுக்கி ஒட்டிய தற்செயல்களை ஒவ்வொரு ராத்திரியும் அப்படியே வாசித்துக் காட்டினால், அது தற்செயலாக இருக்காது என்பதை யோசித்தால் அவர் சொன்னது நியாயமாகவே படுகிறது.

பிறகு வழக்கு. ஆல்பம் முடிந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவு முடிந்த நாளில் இருந்தே அந்த மூன்று மாதம் ஓடத் தொடங்கிவிட்டது, நீங்கள் தாமதம் என்றது குழு. எங்களுக்குத் திருப்தியான பிறகுதான் அது முடிந்த ஆல்பம் என்றது நிறுவனம். முதல் தீர்ப்பு இஎம்ஐக்குச் சாதகம். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் குழுவை விடுவித்தது. இந்த ஆல்பம் வணிகத்துக்கு ஏற்றதாக இல்லை என்று இஎம்ஐ தொடுத்த வழக்கும் நிற்கவில்லை.

லாஃபிங் ஸ்டாக்

பால் வெப் விலகிவிட்டார். ஹாலிஸ், ஹாரிஸ், ஃபிரீஸ்-கிரீன் மூவரும் புது நிறுவனத்துக்காக 1990இல் மறுபடி வெசெக்ஸுக்குத் திரும்பினார்கள். அதே இருட்டு, அதே ஃபில் பிரவுன், முறை மட்டும் இன்னும் கடுமை. ஏறக்குறைய 50 பேர் வந்து வாசித்தார்கள், அதில் 18 பேரின் வாசிப்புதான் ஆல்பத்தில் தங்கியது. 1991இல் ஜாஸ் இசைக்குப் பேர்போன வெர்வ் முத்திரையில் 'லாஃபிங் ஸ்டாக்' வெளிவந்தது.

முதல் பாட்டு 'மிர்மேன்' தொடங்கும்போது சில நொடிகளுக்கு ஒன்றுமே நடக்காது. உற்றுக் கேட்டால் ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய இரைச்சல் கேட்கும். பொறியாளர்கள் வழக்கமாகத் துடைத்து எறியும் ஒலி அது. ஹாலிஸ் அதை வேண்டுமென்றே வைத்தார். அந்த இரைச்சலைக் கேட்கும் அளவுக்குக் காது அமைதியான பிறகு முதல் கிட்டார் சுரம் விழுகிறது. 'ஆஃப்டர் தி ஃபிளட்' பாட்டில் தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுரம் ஒரு நிமிடத்துக்கும் மேல் நெளிந்து கதறும். விரல் வேகத்தைக் காட்ட வேண்டிய இடம் என்று ராக் உலகம் ஒதுக்கி வைத்த இடம் அது. 'அசென்ஷன் டே' உச்சத்தில் கத்தரித்தது போல நின்றுவிடும். அதற்கெல்லாம் பிறகு 'நியூ கிராஸ்' வரும். லீ ஹாரிஸ் ஒரே தாளக்கட்டை ஒன்பது நிமிடத்துக்கும் மேல் அலுப்பில்லாமல் வாசித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் பியானோவும் கிட்டாரும் வெயில் விழுவது போல விட்டுவிட்டு வரும். டாக் டாக் செய்ததிலேயே அழகான பாட்டு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு குழு கலைந்தது. ஹாலிஸ் 1998இல் தன் பெயரிலேயே ஒரு தனி ஆல்பம் செய்தார், அது முழுக்க மின்சாரம் தேவைப்படாத வாத்தியங்களால் ஆனது. பிறகு இசை உலகத்தை விட்டு விலகிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். 2019 பிப்ரவரியில் 64ஆம் வயதில் காலமானார்.

போஸ்ட்-ராக்கும் பின்னால் வந்தவர்களும்

1994இல் லண்டன் குழுவான பார்க் சைக்கோசிஸ் 'ஹெக்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதை மதிப்பிட்ட விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் போஸ்ட்-ராக் என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு 'தி வயர்' இதழில் எழுதிய கட்டுரையில் அதை விளக்கினார். ராக்கின் கருவிகளை ராக்கின் நோக்கத்துக்கு வெளியே பயன்படுத்துவது, கிட்டாரை ரிஃப் வாசிக்காமல் ஒலியின் நிறத்துக்காகவும் நயத்துக்காகவும் பயன்படுத்துவது போஸ்ட்-ராக். டாக் டாக்கின் கடைசி இரண்டு ஆல்பங்களும் இந்த வகையின் தொடக்கப் புள்ளிகள் என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். இந்தப் பெயர் வருவதற்குள் குழு கலைந்தே போயிருந்தது.

இங்கேயும் ஒரு தவறான புரிதல் உண்டு. போஸ்ட்-ராக் என்றால் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் கிட்டார் மழையாகக் கொட்டும், பாடும் குரலே இல்லாத இசை என்று பலர் நினைக்கிறார்கள். 2000களில் பல குழுக்கள் அப்படி வாசித்ததால் வந்த எண்ணம் அது. அவற்றில் சில எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஏற்றம் எங்கே போய் முடியும் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால், அது நாம் மேலே பார்த்த பொருளில் சோதனையாக இருக்காது. டாக் டாக்கில் அடுத்து என்ன வரும் என்று பத்தாவது முறை கேட்கும்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

செல்வாக்கு நேரடியாகவும் போனது. பால் வெப்பும் லீ ஹாரிஸும் சேர்ந்து ஓ.ராங் என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள். போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸோடு பால் வெப், ரஸ்டின் மேன் என்ற பெயரில் சேர்ந்து 2002இல் 'அவுட் ஆஃப் சீசன்' ஆல்பத்தைத் தந்தார். 2004இல் பார்க் சைக்கோசிஸ் திரும்பி வந்தபோது அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர் லீ ஹாரிஸ். எல்போ குழுவின் கை கார்வி, போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் போன்றவர்கள் ஹாலிஸின் மேல் உள்ள மதிப்பை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரம், நோ டவுட் குழு 2003இல் 'இட்ஸ் மை லைஃப்' பாட்டைத் திரும்பப் பாடி அமெரிக்காவில் வெற்றி பெற்றது. ஒரே குழுவின் இரண்டு முகங்களும் இரண்டு வேறு கூட்டங்களைப் போய்ச் சேர்ந்தன. ஒரு முகத்தைத் தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் மற்றொன்று தெரியாது.

கேட்கத் தொடங்க

நேராக லாஃபிங் ஸ்டாக்கில் குதிக்க வேண்டாம். 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' பாட்டில் தொடங்கி, அதே ஆல்பத்தில் உள்ள 'ஏப்ரல் 5த்' பாட்டுக்குப் போங்கள். பின்னால் வரப்போகும் அமைதி அங்கேயே எட்டிப் பார்க்கிறது. பிறகு ஸ்பிரிட் ஆஃப் ஈடனின் முதல் மூன்று பாட்டுகளை ஒரே மூச்சில் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் சரிப்படாது, மெல்லிய பகுதி முழுக்கக் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன், வீடு அடங்கிய நேரம். ஒலியளவைத் தொடக்கத்தில் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், மெல்லிய இடத்தில் கூட்டினால் 'டிசையர்' காதைப் பதம் பார்த்துவிடும். ஒரு தடவை கேட்டுப் பிடிபடவில்லை என்றால் சில வாரம் விட்டுவிட்டு மறுபடி போங்கள், இரண்டாவது தடவை டிரம்பெட்டை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை டபுள் பேஸை. லாஃபிங் ஸ்டாக் அதற்கு அப்புறம். அதிலும் முதலில் 'நியூ கிராஸ்'.